கண்டனத்துக்கு ஒரு கை குறைவு

இந்தக் காலத்து ஆக்களுக்குக் கோபம் வந்தால் ஏசத் தெரியாது. முகத்துக்கு நேரே நின்று நாலு வார்த்தை கத்திவிட்டு, மூச்சு வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற மனிதர் எவரும் இப்போது இல்லை. கோபம் வந்தால் குழு அமைக்கிறார்கள். குழு கூடிக் கடிதம் எழுதுகிறது. கடிதத்தின் தலையில் ஒரு சின்னம் இருக்கும், அடியில் மூன்று கையெழுத்து இருக்கும், நடுவில் கோபத்தை மட்டும் தேடிப் பிடிக்க முடியாது. கோபமில்லாமல் ஏசுகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது செல்வரத்தினத்தின் எண்ணம்.

செல்வரத்தினம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து விமான நிலையத்துச் சரக்குக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி தூக்கினார். பெட்டியின் மேலே எத்தனை கிலோ என்று எழுதி ஒட்டியிருந்தாலும், தூக்கிப் பார்த்த பிறகுதான் நம்புவார். இப்போது எழுபத்தெட்டு வயது. பெட்டி இல்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தால் வந்த வினை, தென்கோடித் தமிழர் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில் தொடங்கியது. லின்ஃபீல்ட் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விடயம்: கிருசாந்தி மீதான கண்டனத் தீர்மானம்.

கிருசாந்தி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற பிள்ளை. பேரவை விழாக்களில் சமையலறையைப் பார்த்துக்கொள்வாள். போன விழாவில் தலைவர் பிரதாபன் பேசத் தொடங்கி ஐம்பத்திரண்டாவது நிமிடம். தலைவர் பேசி முடிக்குமுன் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறப்பதில்லை என்பது பேரவையின் மரபு. செல்வரத்தினத்தின் மனைவி சரோஜாதேவிக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி இறங்கிக் கை நடுங்கத் தொடங்கியதைக் கிருசாந்தி கண்டாள். மூடியைத் திறந்தாள். ஒரு தட்டுச் சோறு கொடுத்தாள். வாசம் முதலில் பின் வரிசைக்குப் போனது. பின் வரிசை எழுந்தது. நடு வரிசை அதைப் பார்த்தது. தலைவர் பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து தலை நிமிர்ந்தபோது, எதிரே பிரதம விருந்தினர் ஒருவர் மட்டும் இருந்தார். அவரும் தட்டோடு இருந்தார்.

"நிகழ்வொழுங்கைக் குலைத்தமைக்காகக் கிருசாந்தியை இச்சபை கண்டிக்கிறது. ஆதரிப்போர் கைகளை உயர்த்தவும்" என்றார் பிரதாபன்.

கைகள் மேலே போயின. மூன்றாம் வரிசையில் ஒரு மெல்லிய கை, மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தியே போனது. அது கிருசாந்தியின் கை.

செல்வரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டே எழும்பினார். "தம்பி, ஒரு கேள்வி. இந்தக் கண்டனம் எண்டால் அவளுக்கு என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது அண்ணை" என்று பிரதாபன் சிரித்தார். "கண்டிக்கிறம். அவ்வளவுதான்."

"ஒண்டும் நடக்காததுக்கு ஏன் இத்தினை கை?"

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கையை இறக்கவும் இல்லை. செயலாளர் பழனிவேல் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை, மரியாதையானவன். அவன் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் அன்றைய கூட்டத்தின் அறிக்கை முழுவதும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பலத்த கரகோஷம்.'

"ஐயா, ப்ளீஸ், கையைத் தூக்கிடுங்க. அறிக்கை வியாழக்கிழமையே எல்லாருக்கும் மெயில்ல போயிடுச்சு."

"அப்ப வியாழக்கிழமை நான் கை தூக்கியிட்டனோ?"

"ஆமா ஐயா."

"பேந்து ஏன் இண்டைக்குத் தூக்க வேணும்?"

பழனிவேல் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான். பேரவையில் அறிக்கை முதலில் போகும், கூட்டம் அதைப் பார்த்து நடக்கும். பதினொரு வருடமாக இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் பிசகியதில்லை. இன்றைக்குக் கூட்டம் பிழையாகிவிட்டது. தலைவர் மேடையிலிருந்து செல்வரத்தினத்தைப் பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சொல்லளவு. எழுதி முடித்த பிறகுதான் கைகளை இறக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பழனிவேல் கிளென் ஈடனில் இருந்த செல்வரத்தினத்தின் வீட்டுக்கு வந்தான். மடிக்கணினியும் ஒரு படிவமும் கொண்டுவந்தான். படிவத்தின் பெயர் 'கை உயர்த்தாமைக்கான விளக்கம்'. நான்கு பெட்டிகள் இருந்தன: தோள்வலி, கவனக்குறைவு, கேட்கும் திறன் குறைவு, பிற. 'பிற' என்ற பெட்டியில் ஒரு கோடு குறுக்கே இழுத்திருந்தது.

"தோள்வலின்னு போட்டுடுங்க ஐயா. முடிஞ்சுது."

"என்ரை தோளுக்கு ஒரு கேடும் இல்லைத் தம்பி. கண்டனம் எண்டால் என்ன எண்டு சொல்லு, நான் தூக்கிறன்."

பழனிவேல் மடிக்கணினியைத் திறந்தான். அவனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது போலத் தெரிந்தது. திரையில் ஒரு ஏணி வந்தது.

"பாருங்க ஐயா. கீழ்ப்படியில வருத்தம். அதுக்கு மேல ஆழ்ந்த வருத்தம். அப்புறம் அதிருப்தி. நாலாவது படியில கண்டனம். உச்சியில வன்மையான கண்டனம். இதுவரைக்கும் பேரவை நாற்பத்தி மூணு கண்டனம் தெரிவிச்சிருக்கு. கேக்குல பேரவை பேரைத் தப்பா எழுதின பேக்கரி. பார்க்கிங்ல நம்ம வண்டிக்கு டிக்கெட் போட்டவர். பொங்கலன்னிக்குப் பெஞ்ச மழை."

"மழையையுமோ?"

"அது வெறும் அதிருப்திதான். மழைகிட்ட விளக்கம் கேக்க வழியில்ல."

"ஆக்கள்?"

"ஆறு பேர்."

"அந்த ஆறு பேரும் இப்ப எங்கை?"

பழனிவேல் திரையைக் கொஞ்சம் சாய்த்தான். "ஒருத்தர் ஹாமில்டன் போயிட்டார்னு சொல்றாங்க. ரெண்டு பேர் ஆஸ்திரேலியா. மத்தவங்க இங்கதான் இருக்காங்க. இருக்காங்கன்னுதான் நினைக்கிறேன்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள் அவையை?"

"அதுதான் ஐயா கண்டனத்தோட அழகே. நாங்க எதுவுமே செய்ய மாட்டோம். தண்டனைன்னா யாராவது செய்யணும், அப்புறம் அவர் மேல கேஸ் வரும். கண்டனத்துக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. சொல்லிட்டு விட்டுடுவோம். மீதியை அவங்கவங்களே செஞ்சுக்குவாங்க."

கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, கதிரையில் இருந்த சரோஜாதேவியைப் பார்த்துக் கும்பிட்டான். "புதன்கிழமை வருவீங்கல்ல, அம்மா? உங்களுக்கு அது ரொம்ப முக்கியமில்லயா?"

அவன் அன்பாகத்தான் கேட்டான். செல்வரத்தினம் எழும்பிச் சரோஜாதேவியின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

ஏனென்றால் அது முக்கியம்தான். சரோஜாதேவிக்கு மூன்று வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டு போகிறது. சிட்னியில் இருக்கிற மகனின் பெயர் போய்விட்டது. அடுப்பு போய்விட்டது, குளியலறைக்குப் போகிற வழி சில நாட்களில் போய்விடுகிறது. ஆனால் புதன்கிழமை, பேரவையின் மூத்தோர் கூடலில், மூன்று பேரோடு முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டத்துக்கு இருத்தினால், அவள் பழைய சரோஜா. துரும்பு எது என்று மறக்கமாட்டாள். எதிரி ஒளித்து வைத்திருக்கிற சீட்டை முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவாள். வெட்டுப் போட்டுவிட்டு, "எப்படியிருக்கு?" என்று புருவத்தைத் தூக்குவாள். மிச்ச ஆறு நாளும் செல்வரத்தினம் அந்தப் புருவத்துக்காகத்தான் சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், குளிப்பாட்டினார். வேறு எங்கே கொண்டுபோனாலும் அவளுக்கு விளங்காத இங்கிலீசு. தமிழில் சீட்டாடுகிற இடம் அந்த ஒன்றுதான்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு, கூடலுக்குப் போகிற மரகதம் காரில் வந்து ஏற்றிப்போவது வழக்கம். செல்வரத்தினத்தின் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கண்பார்வை குறைவென்று நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குச் சரோஜாதேவி சேலை உடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, கைப்பையோடு வாசலில் பத்தரை வரைக்கும் நின்றாள். கார் வரவில்லை. செல்வரத்தினம் தொலைபேசி எடுத்தார்.

"காரிலை சீற் இல்லை அண்ணை" என்றாள் மரகதம்.

"ஆர் ஆர் வருகினம்?"

"நான் மட்டும்தான்."

"அப்ப?"

"சீற் இல்லை அண்ணை" என்றாள் மறுபடியும். குரலில் கோபமில்லை. பின்னால் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போலக் கதைத்தாள். காரில் வேறு சத்தமே இல்லை.

ரயிலிலும் பஸ்ஸிலுமாக இருவரும் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி. கூடலில் எல்லாரும் நல்ல முகத்தோடு வரவேற்றார்கள். "வாங்கோ, வாங்கோ." தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. சீட்டு மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது கதிரையில் ஒரு கைப்பை இருந்தது. நாலு பேர் ஆடுகிற ஆட்டத்தை அந்த மூன்று பேரும் கைப்பையைக் கதிரையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"சரோஜாவுக்குப் போடுங்கோவன்" என்றார் செல்வரத்தினம்.

"இந்த ஆட்டம் முடியட்டும் அண்ணை."

ஆட்டம் முடிந்தது. அடுத்தது தொடங்கியது. சரோஜாதேவி மேசையின் பக்கத்தில் நின்று சீட்டுகளைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் வெறுங்கையில் சீட்டை விரித்துப் பிடித்தன. மூன்று ஆட்டம் அப்படி நின்றாள். பிறகு செல்வரத்தினத்தின் சட்டையை இழுத்து, மேசைக்காரரைக் காட்டி, "இவை ஆர் அப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமையோடு செல்வரத்தினத்தின் தொலைபேசியும் அடங்கிப்போனது. முன்பெல்லாம் விடிந்தால் பேரவையின் வாட்சப்பில் பூப்படங்களும் காலை வணக்கங்களும் குறைந்தது ஐம்பது வந்து விழும். அவருக்கு அது பெரும் தொல்லை. இப்போது ஒன்றும் வரவில்லை. அவரை யாரும் நீக்கவில்லை, பெயர் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் அதே பெயரில் இன்னொரு குழு தொடங்கி அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். பழையதில் அவரும் ஹாமில்டன்காரரும் ஒரு பேக்கரி விளம்பரமும் மிஞ்சியிருந்தார்கள்.

சனிக்கிழமை கடையில் வெங்காயம் பொறுக்கும்போது கிருசாந்தியைக் கண்டார். அவள் அவரைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

"பிள்ளை, நில்."

"என்னோடை கதைக்காதேங்கோ மாமா. ஆரும் கண்டால் உங்களுக்குத்தான்."

"எனக்கு வந்திட்டுது. உனக்கு என்ன செய்தவை?"

அவள் உருளைக்கிழங்குப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்டும் செய்யேல்லை மாமா. அதுதான். ஏசினால் திருப்பி ஏசலாம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தன். எழுத்தின்ரை அளவு சரியில்லையெண்டு திருப்பி அனுப்பினவை. மாத்திக் குடுத்தன். மன்னிப்பிலை மகிழ்ச்சி தெரியுதெண்டினம். மூண்டாந்தரம் குடுத்ததுக்கு இன்னும் பதில் இல்லை. போன கிழமை என்ரை அறைத்தோழி வேறை வீடு பாத்துப் போயிட்டாள். ஏனெண்டு கேட்டன், ரயிலுக்குக் கிட்டவாம்."

"நீயும் கை தூக்கினனீயே. ஏன்?"

"நானும் தூக்கினால் கெதியா முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்" என்றாள். "முடியேல்லை."

அவள் போனபிறகு செல்வரத்தினம் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். கண்டனம் எத்தனை கிலோ என்று இப்போது அவருக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. ஆனால் ஏன் தூக்க வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. விசேட பொதுக்கூட்டம். ஒரே விடயம்: 'கண்டிக்க மறுத்தமைக்காகத் திரு. செல்வரத்தினம் மீது வன்மையான கண்டனம்.' கூட்டத்தின் அறிக்கையும் அதே உறையில் இணைத்திருந்தது. கடைசி வரி: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திரு. செல்வரத்தினமும் ஆதரித்து வாக்களித்தார்.'

மகனுக்குச் சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தார். "போய்க் கையைத் தூக்கிட்டு வாங்கோ அப்பா" என்றான் மகன். "ஒரு கைதானே. அம்மாவை யோசியுங்கோ."

அம்மாவை யோசித்தபடியால்தான் போனார். சரோஜாதேவியையும் கூட்டிப்போனார், வீட்டில் தனியே விட முடியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. பொங்கலுக்கும் வராதவர்கள் வந்திருந்தார்கள். முன் வரிசையில் இருவருக்கும் இரண்டு கதிரை ஒதுக்கியிருந்தது. பின் வரிசையில் மரகதம் இருந்தாள், சீட்டு மேசைக்காரர் மூன்று பேரும் இருந்தார்கள். கிருசாந்தி எங்கும் இல்லை. கதவை யாரும் பூட்டவில்லை. பூட்டத் தேவையிருக்கவில்லை.

பிரதாபன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பான உறவுகளே! நாங்கள் எவரையும் வெறுப்பவர்கள் அல்லர். ஒருவரை வெறுப்பதென்றால் அவரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். எங்களுக்கு வீட்டு மோட்கேஜ் இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால் கண்டனத்துக்கு அது ஒன்றும் தேவையில்லை. கையைத் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவரும் தூக்கியிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் தனியாள் இல்லை. இந்த அந்நிய மண்ணில் அதைவிட என்ன வேண்டும்? சங்கீதப் போட்டிக்கு எங்களால் ஒற்றுமையாக இருக்க முடியவில்லை. நடுவர் யார் என்று இரண்டாகப் பிரிந்தோம். பொங்கலுக்கு மூன்று இடத்தில் மூன்று பானை. ஆனால் கண்டனத்துக்கு? இதோ, அறுபத்து நாலு பேர், சொன்ன நேரத்துக்கு! கண்டிப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் இந்தப் பேரவை ஆறு மாதம் தாங்காது என்பதை நான் பெருமையோடு சொல்வேன். ஆகையால் செல்வரத்தினம் அண்ணைக்கு முதலில் என் நன்றி."

கரகோஷம் எழுந்தது. தலைவர் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"அண்ணை, நீங்களும் தூக்கினால் ஏகமனது. ஏகமனதாய் வந்தால் பிரச்சினை இல்லை. புதன்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கதிரை இருக்கு."

"கிருசாந்தியும் தூக்கினவள்தானே" என்றார் செல்வரத்தினம். "அவளின்ரை கதிரை எங்கை?"

பிரதாபன் நிமிர்ந்தார். கேள்வி காதில் விழுந்ததாகக் காட்டவில்லை. "ஆதரிப்போர்" என்றார் சபையைப் பார்த்து.

கைகள் போயின, ஒரே சத்தத்தோடு. செல்வரத்தினம் திரும்பிப் பார்த்தார். காடு மாதிரி நின்றது. பழனிவேல் ஒவ்வொரு வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தான். "அறுபது… அறுபத்தி ஒண்ணு… அறுபத்தி ரெண்டு…" முன் வரிசைக்கு வந்தான். நின்றான். "அறுபத்தி மூணு."

செல்வரத்தினத்தின் பக்கத்தில் சரோஜாதேவி கையைத் தூக்கியிருந்தாள். எல்லாரும் தூக்கியிருந்தார்கள், அவளும் தூக்கினாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். புருவத்தைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

அறுபத்து மூன்று கைகள் அவருடைய கைக்காகக் காத்து நின்றன. ஒரு நிமிடம் போனது. தலைவர் சொல்லாமல் ஒருவரும் இறக்கவில்லை. அறிக்கையில் இந்தத் தடவை செல்வரத்தினத்தின் வாக்கும் எழுதியிருந்தது, அதில் இல்லாததைத் தலைவரால் சொல்ல முடியவில்லை. ஐந்து நிமிடம் போனது. வயதானவர்கள் வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்தார்கள். யாருடைய வளையல்களோ நடுங்கிச் சத்தம் போட்டன. மரகதம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய கன்னத்தில் தண்ணீர் ஓடியது, கை இறங்கவில்லை.

"தூக்கிடுங்க ஐயா" என்றான் பழனிவேல் மெதுவாக. இந்தத் தடவை அவனுக்கும் பயம் வந்திருந்தது. "இல்லன்னா எப்படி முடிக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியாது."

செல்வரத்தினம் தன் வலக்கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பாரம் தூக்கிய கை. தூக்கினால் ஒரு கதிரை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கலாம். அந்தக் கதிரையில் அவளை இருத்திவிட்டு, அடுத்த ஏழாவது விடயம் யார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கையை நீட்டிச் சரோஜாதேவியின் கம்பளிச் சட்டையைக் கதிரையிலிருந்து எடுத்தார். "வா, போவம்."

இருவரும் நடுப்பாதையால் நடந்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைக் கடந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது, கண்ணாடிக்குள்ளே கைகள் இன்னும் நின்றன. அடுத்ததாக மண்டபத்தைப் பதிவு செய்திருந்த பூப்பந்துக்காரர் மட்டைகளோடு வெளியே காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பின்னுக்கு வந்தார்.

தெருவில் காற்று அடித்தது. சரோஜாதேவி கேட்டாள், "ஆருக்கப்பா இந்தக் கூட்டம்?"

"ஆரோ ஒரு கிழவனுக்கு."

"அவன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை."

அவள் யோசித்தாள். "இல்லையப்பா" என்றாள். "இத்தினை பேர் தூக்கினால் ஏதோ இருக்கும்."

செல்வரத்தினத்துக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுடைய கை இன்னும் மேலேதான் நின்றது. அதை இறக்கிவிட்டார். நாலு அடி போக, மறுபடியும் மேலே போனது. மறுபடியும் இறக்கி, இந்தத் தடவை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் தரிப்பிடம் இருந்த பக்கம் நடந்தார்.